செம்பும் எஃகும்: தலைமை உரை

இந்த நாற்காலியில் எனக்கு முன் அமர்ந்தவர்களில் பலர் என் ஆசிரியர்கள். குரல் கொஞ்சம் நடுங்கினால் ஒலிவாங்கியின் மேல் பழி போடாதீர்கள்.

‘வேறின உலோக இணைப்பு: இன்றைய நிலை’ என்பது மாநாட்டுத் தலைப்பு. செம்பு உருகுவது 1085 பாகை செல்சியஸில், இரும்பு 1538-இல். சூட்டைக் கடத்துவதில் சாதாரண எஃகைவிடச் செம்பு ஏறத்தாழ எட்டு மடங்கு. இதெல்லாம் உங்களுக்குப் பாலபாடம். உராய்வு, வெடிப்பு, எலெக்ட்ரான் கற்றை, நீல லேசர் என இணைப்பு முறைகள் எல்லாவற்றுக்கும் தனித்தனி அமர்வுகள் உண்டு. அவற்றைப் பற்றி அந்த அமர்வினர் பேசட்டும்.

நான் பேச வந்தது, யாரும் பேசாத ஒன்றைப் பற்றி. 1938-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் சார்லஸ் கேட்வெல், செம்பு ஆக்சைடையும் அலுமினியத் தூளையும் கிராஃபைட் அச்சில் பற்றவைத்து, உருகிவந்த செம்பைக் கொண்டே செம்புக் கம்பியைத் தண்டவாளத்தோடு இணைத்தார். கோல்ட்ஷ்மிட் 1895-இல் உரிமம் பெற்ற தெர்மிட் வழியின் செம்புப் பிள்ளை இது. மின்சாரம் வேண்டாம், சில நொடியில் வேலை முடியும். எர்த்திங் வேலை செய்பவர்களுக்கு இது அன்றாடம். நம் ஆய்விதழ்களிலோ அடிக்குறிப்பு.

பொடி வைத்துப் பேசாமல் சொல்லிவிடுகிறேன். இதுபற்றி நான் எழுதிய கட்டுரை ஒருகாலத்தில் திரும்பி வந்தது. “அடி எஃகு சரியாக உருகவில்லை, இது வார்ப்பு, வெல்டிங் அல்ல” என்பது மதிப்பீட்டாளர் தீர்ப்பு. உராய்விலும் வெடிப்பிலும் உலோகம் உருகியா சேர்கிறது? அவற்றுக்குப் பந்தியில் இலை போடுகிறோம். வெயிலில் நின்று ஒரு தொழிலாளி செய்வதால் இதை மட்டும் திண்ணையில் உட்காரவைக்கிறோம்.

தண்டவாளத்தில் இந்த இணைப்புக்கு அடியில் விரிசல் கண்டால், எஃகின் மணிகளுக்கு இடையே செம்பு ஊடுருவியதே காரணம் என்று எழுதிவிடுகிறார்கள். ஊடுருவல் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தண்டவாள எஃகில் கரி 0.6 முதல் 0.8 விழுக்காடு. உருகிய செம்பு விழுந்த இடம் செஞ்சூடாகிறது, சுற்றியுள்ள குளிர்ந்த எஃகு அந்தச் சூட்டைச் சட்டென்று உறிஞ்சிக்கொள்கிறது, அடியில் கடினமான, எளிதில் உடையும் மார்ட்டன்சைட். முதல் குற்றவாளி அதுதான் என்பது என் வாதம். தண்டவாளத்தின் தலையையும் அடியையும் விட்டு, வளைவின் இழுப்பு குறைந்த நடுத்தண்டில் இணைப்பை வைப்பவர்களுக்கு இந்த ஆபத்து புரிந்திருக்கிறது.

நிக்கல் இடையடுக்கு இல்லாமல் செம்பையும் எஃகையும் சேர்க்கவே கூடாது என்று எழுதிய மூத்த நண்பர் முன்வரிசையில் இருக்கிறார். நிக்கல் இரண்டோடும் கலக்கும், உண்மை. ஆனால் இரும்பும் செம்பும் நொறுங்கும் சேர்மம் எதையும் உண்டாக்குவதில்லையே! அலுமினியமும் எஃகும் அப்படியா? எஃகு வேகமாகக் குளிர்ந்ததால் வந்த நோய்க்கு நிக்கல் மருந்தாகாது, ஐயா.

செயலாளருக்கு ஒரு விண்ணப்பம். நிகழ்ச்சிநிரலில் கேட்வெல் முறைக்கு ‘பிற’ என்ற தலைப்பில் பத்து நிமிடம், அதுவும் நாளைச் சாப்பாட்டுக்குச் சற்று முன், ஒதுக்கியிருக்கிறீர்கள். அதை இன்றைய முதல் அமர்வுக்குக் கொண்டுவாருங்கள். கடினத்தன்மையைச் செம்பின் விளிம்போடு நிறுத்தாமல் எஃகுக்குள்ளும் இறங்கி அளந்தவர்கள் யாராவது இங்கே இருந்தால், என்னை மறுத்துப் பேச முதலில் அவர்களே வரட்டும்.