பொட்டிபுரமும் பேப்பரின் மூலையில் வரும் அறிவிப்பும்

போடி பக்கத்துக்காரங்க கூடியிருக்கிற இடத்தில், செய்தித்தாளும் நேர்மையும் என்று பேசச் சொன்னால், பொட்டிபுரத்தை விட்டுவிட்டுப் பேச முடியாது.

அம்பரப்பர் மலையைச் சுமார் 2 கி.மீ. குடைந்து, உள்ளே 50,000 டன் இரும்புக் கருவி வைத்து நியூட்ரினோவை ஆராயும் திட்டம். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. ஊருக்குள்ள என்ன பேச்சு? "அணுக்கழிவைக் கொண்டாந்து கொட்டப் போறாங்க", "கதிர்வீச்சு வரும்". நியூட்ரினோ இப்பவும் நம்ம உடம்பு வழியா நொடிக்குப் பல லட்சம் கோடி போய்க்கிட்டுதான் இருக்கு, ஒண்ணும் செய்யாது. இதைச் சொல்லுவது நேர்மை. ஆனா, இதைச் சொல்லிட்டு "எதிர்க்கிறவங்களுக்கு விவரம் தெரியாது" என்று முடிச்சுடுறது நேர்மை இல்லை. பாறைக்கு வெடி வைப்பது, தண்ணீர், காடு எல்லாம் நியாயமான கேள்விகள்தான்.

2017 மார்ச்சில் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்ததே, அதுக்குக் காரணம் கதிர்வீச்சு இல்லை. கேரள எல்லையில் உள்ள மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கி.மீ.க்குள் இருக்கிறது, அப்படியிருந்தும் அதற்குரிய பிரிவில் திட்டத்தை மதிப்பிடவில்லை. 4.9 கி.மீ. என்ற அந்த ஒரு எண், அத்தனை வதந்தியையும் விடக் கனமாக நின்றது. 2018-இல் மத்திய அரசு மறுபடி அனுமதி கொடுத்தது. 2022-இல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் திட்டம் வேண்டாம் என்றது. இதையெல்லாம் தேதியோடு எழுதிய பேப்பர்தான் ஊருக்கு உதவும். வாட்ஸ்அப்பில் சுத்துற வெட்டுத்துண்டில் தேதியும் இருக்காது, பேப்பர் பேரும் இருக்காது.

இன்னொண்ணு, பலரும் கவனிக்காதது. 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கைப்படி, கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டிய திட்டம் என்றால், குறைந்தது 30 நாள் முன்னாடி ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் விளம்பரம் வரணும். சினிமா விளம்பரத்துக்குக் கீழே, பொடி எழுத்தில் வந்தாலும் வரும்! கண்ணில் பட்டால் போனில் படம் எடுத்து, தேதி தெரிகிற மாதிரி ஊர்க் குழுவில் போடுங்க. வரைவு அறிக்கையை ஆட்சியர் அலுவலகத்தில் பார்க்கலாம். அனுமதி விவரம் பரிவேஷ் இணையதளத்தில் இருக்கும்.

சரி, பேப்பரே தப்பா எழுதிட்டா? முதலில் ஆசிரியருக்கு எழுதுங்க. பதில் சரியில்லைன்னா இந்தியப் பத்திரிகை கவுன்சிலுக்குப் புகார் அனுப்பலாம். நாளிதழ் என்றால் செய்தி வந்த 2 மாதத்துக்குள். அந்தப் பக்கத்தையும், ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தின் நகலையும் சேர்த்து வைக்கணும். கட்டணம் கிடையாது.