கம்பியைத் தட்டாமல் வெளியே வந்தவர் யார்?

(தலைப்பு: விளையாட்டில் வெற்றி தருவது குறையே இல்லாத திறமையா, விழுந்தாலும் எழுந்து வரும் மனமா? இரண்டாம் அணியில் செவ்வாப்பேட்டை சகோதரி பேசியது.)

நடுவர் ஐயா அவர்களுக்கும், பேசி முடித்துவிட்டு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் எதிரணி நண்பருக்கும், வீட்டில் காபி டம்ளரோடு உட்கார்ந்து பார்க்கும் தாய்மார்களுக்கும் என் வணக்கம். (சிரிப்பு)

நான் செவ்வாப்பேட்டையிலிருந்து வர்றேன். சென்ட்ரல்ல ஏறித் திருவள்ளூர் போறவங்க 'செவ்வாப்பேட்டை ரோடு'ன்னு ஸ்டேஷன் போர்டைப் பார்த்திருப்பீங்க. பார்த்தவங்க ஜாஸ்தி, இறங்கினவங்க கம்மி. (சிரிப்பு) அங்கிருந்து ரெண்டு ஸ்டேஷன் தள்ளித் திருவள்ளூர்ல இறங்கி, காக்களூர் எஸ்டேட்டுல ஒரு கம்பெனியில இன்ஸ்பெக்ஷன் வேலை பார்க்கிறேன். இரும்புச் சாமான்ல குறை கண்டுபிடிக்கிறதுக்குத்தான் எனக்குச் சம்பளம். அதனால குறையே கூடாதுங்கிற அணியிலதான் என்னை உட்கார வைப்பாங்கன்னு நினைச்சு வந்தேன். ஐயா இந்தப் பக்கம் போட்டுட்டாங்க. நல்லதாப் போச்சு.

எதிரணி நண்பர் பி.டி.உஷாவைச் சொன்னார். 1984, லாஸ் ஏஞ்சல்ஸ், 400 மீட்டர் தடை ஓட்டம். 55.41 வினாடியில வந்த ருமேனியப் பெண்ணுக்கு வெண்கலம். 55.42-ல வந்த நம்ம உஷாவுக்கு நாலாம் இடம். 'நூறில் ஒரு பங்கு வினாடிக்குக்கூட மன்னிப்பு இல்லை'ன்னு மேஜையைத் தட்டினார். வாஸ்தவம்தான். ஆனா கதையை ஏன் சார் அங்கேயே நிறுத்திட்டீங்க? அடுத்த வருஷம், 1985, ஜகார்த்தாவில ஆசியத் தடகளப் போட்டி. அதே உஷா அஞ்சு தங்கம், ஒரு வெண்கலம். 1986 சியோல் ஆசிய விளையாட்டுல நாலு தங்கம், ஒரு வெள்ளி. (கைதட்டல்) அந்த நூறில் ஒரு பங்கையே நினைச்சு மூலையில உட்கார்ந்திருந்தா இந்த ஒன்பது தங்கம் எங்கிருந்து வந்திருக்கும்?

அடுத்து நம்ம சேலத்துப் பிள்ளை மாரியப்பன் தங்கவேலு. அஞ்சு வயசுல பள்ளிக்கூடம் போற வழியில பஸ் ஏறி வலது கால் நசுங்கிப் போச்சு. அம்மா காய்கறி வித்து வளர்த்தாங்க. 2016 ரியோ பாராலிம்பிக்ல உயரம் தாண்டுதல், 1.89 மீட்டர், தங்கம். 2021-ல நடந்த டோக்கியோ போட்டியில 1.86, வெள்ளி. 2024 பாரிஸ்ல 1.85, வெண்கலம். 'இறங்கிக்கிட்டே போறாரே'ம்பீங்க. தொடர்ந்து மூணு பாராலிம்பிக்ல பதக்கம் வாங்கின முதல் இந்தியர் ஐயா அவர்! டோக்கியோவில மழை வேற. அடிபட்ட காலுக்குப் போட்டிருந்த சாக்ஸ் நனைஞ்சு போச்சு. அந்த ஈரக் காலோடதான் வெள்ளி வாங்கினார்.

இந்த உயரம் தாண்டுதல் இருக்கே, அதைக் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. தாண்டினா கம்பியை ஏத்துவாங்க. மறுபடி தாண்டினா இன்னும் ஏத்துவாங்க. தொடர்ந்து மூணு தடவை தப்பினா வெளியே. ஒவ்வொருத்தராப் போய், தங்கம் உறுதியான ஒருத்தர் மட்டும் மிச்சம் நிப்பார். அவராவது வீட்டுக்குப் போறாரா? 'இன்னும் ஏத்துங்க'ம்பார். எதுவரைக்கும்? பெரும்பாலும் தட்டுற வரைக்கும்! தங்கம் வாங்கினவரும் கடைசியில கம்பியைத் தள்ளிவிட்டுட்டுத்தான் மெத்தையில விழறார். கம்பியே படாம வீட்டுக்குப் போகணும்னு ஆசைப்படறவர் என்ன செய்யணும்? ஒரு மீட்டரோட நிறுத்திக்கணும்! (பலத்த கைதட்டல்)

பயிற்சி வேண்டாம்னோ, ஒழுங்கு வேண்டாம்னோ நான் சொல்ல வரலை. மனோதத்துவம் படிச்சவங்க இதை ரெண்டாப் பிரிக்கிறாங்க. நேத்தைவிட இன்னைக்கு நல்லாச் செய்யணும்ங்கிற ஆசை ஒண்ணு. தப்பு வந்துடுமோ, நாலு பேர் என்ன சொல்வாங்களோங்கிற நடுக்கம் இன்னொண்ணு. வெளியிலிருந்து பார்த்தா ரெண்டு பேரும் விடியக்காலை அஞ்சு மணிக்கு எழுந்துதான் ஓடுறாங்க. ஒரு தடவை தோத்த பிறகுதான் யார் எதுன்னு தெரியும். நடுங்கிறவங்களுக்கு இன்னொரு கஷ்டம். பழகின வேலையை உடம்பு தன்னால செய்யும். நடுவில மனசு புகுந்து வேவு பார்த்தாக் கெட்டுப் போகும். நாளைக்கு ரயில்வே பாலத்துப் படியில ஒவ்வொரு காலையும் எண்ணி எண்ணி வேகமா இறங்கிப் பாருங்க. வேண்டாம், கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டே பாருங்க. (சிரிப்பு)

எங்க கம்பெனியில டிராயிங்ல ஒரு அளவு போட்டிருந்தா பக்கத்துல பிளஸ், மைனஸ்னு போட்டிருக்கும். அதுக்குள்ள இருந்தா பாஸ். போடவேண்டிய ஓட்டை சின்னதாப் போயிட்டாக்கூட ரிஜெக்ட் பெட்டியில எறிய மாட்டோம். ரீவொர்க்னு தனியா வைப்போம். மறுபடி மெஷினுக்குப் போய்ச் சரியாகி வரும். இரும்புக்கே பிளஸ், மைனஸ் கொடுக்கிறோம் ஐயா. பெத்த பிள்ளைக்குக் கொடுக்க மாட்டேங்கிறோம்! (நீண்ட கைதட்டல்)

குகேஷை எதிரணியில யாரும் தொடலை. எங்க ரயில் லைன் பக்கம், மேல் அயனம்பாக்கத்துல படிச்ச பிள்ளை. 2022 மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாட்ல முதல் எட்டு ஆட்டமும் வெற்றி. பத்தாவது சுற்றுல உஸ்பெகிஸ்தான் அப்துசத்தாரோவ்கிட்ட நல்ல நிலையில இருந்து தோத்தார். உஸ்பெகிஸ்தானுக்குத் தங்கம், நம்ம அணிக்கு வெண்கலம். 16 வயசு. சொந்த ஊர். உலகமே பார்க்குது. அதைவிடப் பெரிய சாக்கு வேணுமா, செஸ் போர்டை மூடி வைக்க? 2024 ஏப்ரல், டொராண்டோ. உலக சாம்பியனோட மோதப் போறது யார்ங்கிற போட்டி. ஏழாவது சுற்றுல நேரம் போதாம ஃபிரூஜாகிட்ட தோல்வி. அந்தத் தோல்விக்கு அப்புறம்தான் இது நம்ம போட்டின்னு தனக்குத் தோணினதாப் பின்னாடி அவரே சொன்னார். தோத்த அன்னைக்கு! மனசுக்குன்னே பயிற்சி தர, 2011 உலகக் கோப்பை ஜெயிச்ச நம்ம கிரிக்கெட் அணியோட இருந்த பேடி அப்டனை வச்சுக்கிட்டார். நவம்பர், டிசம்பர்ல சிங்கப்பூர். டிங் லிரனோட முதல் ஆட்டமே தோல்வி. பன்னிரண்டாவதும் தோல்வி. பதினாலு ஆட்டம் முடிஞ்சப்போ ஏழரைக்கு ஆறரை. 18 வயசுல உலக சாம்பியன்! (கைதட்டல்)

மணி அடிச்சிட்டீங்க ஐயா, ஒரே நிமிஷம்.

எங்க ஊர்ல எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு. ஓட்டத்துல எப்பவும் முதல். வெளியூர்ப் போட்டி ஒண்ணுல ரெண்டாவதா வந்தா. வீட்டில் யாரும் திட்டலை, முகம் சுளிக்கலை. ஆனா முதல் பரிசுக் கப்பெல்லாம் ஷோகேஸ் கண்ணாடிக்குள்ள இருக்கு. இந்தக் கப்பை மட்டும் பீரோ மேல வச்சுட்டாங்க. வேணும்னு செஞ்சதா இருக்காது, இடமில்லாம வச்சிருப்பாங்க. அவ பார்த்துட்டா. ரெண்டு மாசமா கிரவுண்டு பக்கம் வரலை. கேட்டா கால் வலிங்கிறா. மளிகைக் கடைக்கு மட்டும் அந்தக் கால் நல்லாத்தான் ஓடுது. (சிரிப்பு)

இந்த நிகழ்ச்சியை அவங்க வீட்ல தவறாமப் பார்ப்பாங்க. அக்கா, அந்தக் கப்பைக் கீழே இறக்குங்க. ஷோகேஸ்ல இடம் இல்லைன்னா அந்த பிளாஸ்டிக் பூவை எடுத்துடுங்க. (கைதட்டல்) அம்மாடி, உனக்கும் ஒரு வார்த்தை. ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. காலையில ஆறு மணிக்கு கிரவுண்டுல நிப்பேன். நானும் கூட ஓடப் போறேன், எத்தனை பேர் வந்தாலும் கடைசி இடம் எனக்குத்தான். நீ வா. வணக்கம்.