வயிற்றுச் சுற்றளவும் இதயமும்
(நீரிழிவுடன் வாழும் வோபர்ன் வட்டாரத் தமிழ் மக்களுக்கான நலவாழ்வு உரை)



2004ஆம் ஆண்டு ‘லான்செற்’ மருத்துவ இதழில் ஓர் ஒளிப்படம் வெளியாயிற்று. புனே நகரின் மருத்துவர் யாஜ்னிக்கும் இலண்டன் மருத்துவர் யட்கினும் அதில் காணப்பட்டனர். உயரத்தையும் எடையையும் கொண்டு கணிக்கப்படும் உடற்பருமன் சுட்டெண் இருவருக்கும் ஒன்றே: 22.3. ஆயினும் யட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 சதவீதம்.

இரண்டாம் வகை நீரிழிவுள்ள தமிழர் பலர், "எடை சரியாகத்தான் இருக்கிறது" என்று ஆறுதல் கொள்கின்றனர். கைகால்கள் மெலிந்திருக்க, கொழுப்பு வயிற்றினுள்ளே ஈரலையும் குடலையும் சூழ்ந்து சேர்வது தெற்காசியரிடையே பரவலாகக் காணப்படுகிறது. அக்கொழுப்பு இன்சுலினின் செயலைக் குன்றச் செய்கிறது. குருதி அழுத்தத்தையும் குருதியிலுள்ள கொழுப்பையும் உயர்த்துகிறது. நீரிழிவினால் முன்பே நலிவுற்ற நாடிகளுக்கு இது மேலுமொரு சுமை.

கனடாவிலேயே இதற்குச் சான்றுண்டு. ஹமில்ரன், ரொறன்ரோ, எட்மன்ரன் நகரங்களில் மக்மாஸ்ரர் பல்கலைக்கழக மருத்துவர் சோனியா ஆனந்த் தலைமையில் நிகழ்ந்த ஆய்வு 2000இல் வெளிவந்தது. ஐரோப்பிய, சீன வழியினரைவிடத் தெற்காசியரிடமே இதயநோய் மிகுதியாக இருந்தது. அதே பல்கலைக்கழகத்தின் சலீம் யூசுப் 52 நாடுகளில் ஏறத்தாழ 27,000 பேரிடம் நடத்திய ஆய்வோ, மாரடைப்பின் அபாயத்தை உடற்பருமன் சுட்டெண்ணைவிட இடைக்கும் இடுப்புக்குமான விகிதமே தெளிவாகக் காட்டுகிறது என 2005இல் அறிவித்தது.

எனவே தெற்காசியருக்கு எல்லை வேறு: வயிற்றுச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரையும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரையும் எட்டலாகாது. வட அமெரிக்காவில் ஆண்களுக்குப் பொதுவாகக் கூறப்படும் எல்லை 102. அப்பட்டியலைப் பார்க்கும் 96 சென்ரிமீற்றர் வயிறுடைய தமிழர், தமக்குக் குறையொன்றுமில்லை என்றே எண்ணிவிடுவார்.

அளக்கும்போது நேராக நின்று, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே நாடாவைச் சுற்றி, இயல்பாக மூச்சை வெளிவிட்டபின் பார்த்தல் வேண்டும். வயிற்றை உள்ளிழுத்தல் கூடாது. காற்சட்டையின் அளவு இதற்கு உதவாது. அது பெரும்பாலும் வயிற்றுக்குக் கீழேயே நிற்கிறது. அரைஞாண் கயிறு கட்டியோருக்கு வயிறு பெருத்தால் கயிறு இறுகும். இலாஸ்ரிக் வைத்த ஆடையோ ஒன்றும் சொல்வதில்லை. நாடா இல்லாதோர், தம் உயரத்துக்கு ஒரு நூலை வெட்டி இரண்டாக மடித்து வயிற்றைச் சுற்றிப் பார்க்கலாம். நூல் எட்டாவிடில் குடும்ப மருத்துவரிடம் அதைக் கூறுதல் நன்று.

வயிறு ஒட்டியிருப்போரும் விலக்குப் பெற்றவரல்லர். நீரிழிவுள்ளோரிற் பெரும்பாலோருக்கு மூன்றுமாதச் சர்க்கரை அளவு 7 சதவீதத்துக்கு மேற்படாமலும், குருதி அழுத்தம் 130/80க்குக் கீழும், எல்.டி.எல். கொழுப்பு 2.0க்குக் கீழும் இருத்தல் இலக்கு. நாற்பது வயதைக் கடந்தோர், கொழுப்பைக் குறைக்கும் மருந்து தமக்குத் தேவையா என வினவ வேண்டும். வாரத்துக்கு 150 நிமிட நடை விதிக்கப்படுகிறது; பனிக்காலத்தில் அங்காடிகளின் உள்ளே நடப்பதும் நடையே.

நீரிழிவு நரம்புகளையும் பாதிப்பதால், மார்புவலியின்றியே மாரடைப்பு நேரலாம். திடீர் மூச்சுத்திணறல், குளிர்ந்த வியர்வை, காரணமற்ற களைப்பு ஆகியவற்றை ‘வாய்வு’ என்றெண்ணி இஞ்சி அவித்துக் குடித்துக் காத்திருத்தல் ஆபத்தானது. லோறன்ஸ் வீதியின் மருத்துவமனை அருகில்தானே என்று தாமே வாகனம் ஓட்டிச் செல்லாது, உடனே 911ஐ அழைக்க வேண்டும். ஆங்கிலம் இயலாதோர் "தமிழ்" என்று கூறினால் மொழிபெயர்ப்பாளர் இணைக்கப்படுவார்.