எழுதும் எளிமையும் ஓடும் விரைவும்

கணிப்பொறிக்கு நாம் இடும் கட்டளைத் தொகுதியை நிரல் என்கிறோம். அந்நிரல் எழுதுவதற்கு எளிதாயிருத்தல் வேண்டுமா, ஓடுவதற்கு விரைவாயிருத்தல் வேண்டுமா? புள்ளிவிவரங்களை ஆராயப் புகுவோர் அனைவரும் எதிர்ப்படும் வினா இது. முப்பதாண்டுகளுக்கு மேல் கணிதம் கற்பித்த நான், ஓய்வு பெற்றபின் பைத்தான் மொழியைப் பயின்றேன். ஆகவே இவ்வினா எனக்கும் உரியதாயிற்று.

வினா புதியதன்று. 1950களின் தொடக்கத்தில் நிரல்கள் பெரும்பாலும் எந்திர மொழியிலோ அதனை ஒட்டிய குறியீடுகளிலோ எழுதப்பட்டன. ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் தலைமையில் இயங்கிய குழு 1957இல் ஃபோர்ட்ரான் மொழியை வெளியிட்டது. கணிதச் சூத்திரத்தை ஏறக்குறைய நாம் எழுதும் முறையிலேயே அதில் எழுதலாம். எந்திர மொழிக்கு மாற்றும் பணியைக் கணிப்பொறியே செய்துகொள்ளும். கையால் எழுதிய நிரலுக்கு ஈடான விரைவு இல்லையேல் எவரும் இதனை ஏற்கமாட்டார் என்பதை அக்குழுவினர் உணர்ந்திருந்தனர். ஆதலின் விரைவின் பொருட்டுப் பெரிதும் உழைத்தனர்.

கைடோ வான் ராசம் ஆக்கிய பைத்தான் 1991இல் வெளிவந்தது. அது படிக்க எளிது. எனினும் அவ்வெளிமைக்கு ஒரு விலையுண்டு. ஒரு கோடி மதிப்பெண்களை ஒவ்வொன்றாகக் கூட்டச் சொன்னால், ஒவ்வொரு முறையும் அஃது எவ்வகை எண் என்று பார்த்த பின்னரே கூட்டும். ஒரே வகுப்பு மாணவர் வரிசையாய் வர, ஒவ்வொருவரிடமும் 'நீ எந்த வகுப்பு?' என்று கேட்டு உள்ளே விடும் காவலரைப் போன்றது அது. இக்குறையை நீக்கும் துணைத்தொகுதிகளுள் ஒன்று நம்பை. ஒரே வகை எண்களை நினைவகத்தில் அடுத்தடுத்து வைத்து, சி மொழியில் முன்னரே எழுதப்பட்ட பகுதியிடம் வேலையை ஒப்படைக்கிறது அது. வகுப்பை ஒருமுறை கேட்டால் போதும்; வரிசை முழுவதும் உள்ளே செல்லும். எழுதுவோனுக்கு எளிமை, ஓட்டத்திற்கு விரைவு, இரண்டும் கிட்டுகின்றன.

எனினும் எல்லா வேலையும் இவ்வாறு அமையாது. அப்பொழுது என் செய்வது? முதலில் அளந்து பார்க்கவேண்டும். 100 நிமிடம் ஓடும் நிரலில் ஒரு பகுதி மட்டும் 90 நிமிடத்தை விழுங்குகிறது என்று கொள்வோம். மற்றப் பகுதிகளை எவ்வளவு செப்பனிட்டாலும் 10 நிமிடத்திற்கு மேல் மிச்சமாகாது. அந்த ஒரு பகுதியை இருமடங்கு விரைவாக்கினால் 45 நிமிடம் மிச்சம். அளக்காமல் திருத்துவோன் பெரும்பாலும் வேண்டாத இடத்தில் உழைக்கிறான்.

ஒருமுறை மட்டும் ஓடும் நிரல் பத்து நிமிடம் தாமதித்தால் கேடில்லை. அதைக் குறைக்க இரண்டு நாள் செலவிடுதல் வீண். நாளைய வானிலையைக் கணிக்கும் நிரலோ நாளை மறுநாள் முடிந்தால் பயனில்லை. இன்றும் வானிலைக் கணிப்பு நிரல்கள் பல ஃபோர்ட்ரானிலேயே இருப்பதற்கு இவ்விரைவும் ஒரு காரணம்.

இன்னுமொன்றை மறவாதீர்கள். எவ்வூருக்கு எவ்வளவு மருந்து அனுப்புவது என்பதை ஒரு நிரலின் விடை முடிவு செய்யலாம். பிறர் படித்துச் சரிபார்க்க இயலாத நிரலில் பிழை ஒளிந்திருக்கும். விரைந்து வந்த தவறான விடை பிணியாளரைக் காக்காது.

ஆகவே, முதலில் தெளிவாக எழுதுங்கள், விடையைச் சரிபாருங்கள், பின்னர் அளவுங்கள், தேவையான இடத்தை மட்டும் விரைவாக்குங்கள். விரைவாக்கியபின் விடை மாறவில்லை என்பதை மீண்டும் உறுதி செய்யுங்கள். இவ்வரிசை மாறாதிருப்பின் உங்கள் காலமும் வீணாகாது, பொறியின் காலமும் வீணாகாது.