நிலைப்பேழையைத் திறந்து வையுங்கள்

(தாயில்பட்டியில் பெற்றோரும் ஆசிரியரும் கூடிய அவையில் நிகழ்த்திய உரை)



தீவாளி முடிந்த மறுநாட் காலையில், தமிழகத்தின் எந்தத் தெருவிலாயினும் குப்பையில் கிடக்கும் வெடித்தாள் துணுக்கொன்றை எடுத்துப் பாருங்கள். அதில் பெரும்பாலும் எழுத்து இருக்கும். பழைய செய்தித்தாளின் பாதி வரி இருக்கும். கணக்குப் பாடத்தின் அறுந்துபோன விடை இருக்கும். யாரோ ஒரு சிறுவன் மையால் எழுதிய தேர்வுத்தாளின் ஓரமும் இருக்கும். பழந்தாளை எடைக்கு வாங்கிக் குழலாக உருட்டி, மருந்து செலுத்தித் திரி வைப்பது இத்தொழிலின் இயல்பு. தாயில்பட்டியிற் பிறந்த பிள்ளைக்கு இதை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்பிள்ளையின் வீட்டுத் திண்ணையில் தாள் உண்டு, பசை உண்டு, எழுத்தும் உண்டு; படிப்பதற்கென்று ஒரு நூல் மட்டும் இல்லை.

தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவர இவ்வட்டாரத்தினர் இருவர் கல்கத்தாவுக்குச் சென்ற 1922ஆம் ஆண்டில் தொடங்குகிறது சிவகாசியின் இக்கால வரலாறு. தீப்பெட்டிக்கு மேலொட்டும் படத்தாள் வேண்டியிருந்தது. அதற்காக அச்சகங்கள் வந்தன. அச்சகங்கள் பெருகிய பின் நாட்காட்டியும் நாட்குறிப்பும் எழுதுசுவடியும் இந்திய நாடெங்கும் இங்கிருந்தே போகத் தொடங்கின. தாள் இவ்வளவு புழங்கும் ஊர்கள் வேறெங்கும் இருத்தல் அரிது. ஆயினும் வெம்பக்கோட்டை ஒன்றியத்துச் சிற்றூர்களில், பாடநூலன்றி வேறு நூலொன்று உள்ள வீடுகளை எண்ணத் தொடங்கினால், விரல்கள் மிஞ்சிவிடும்.

இதற்குப் பெற்றோரைக் குறைகூறல் அறமாகாது. இன்று தாய்தந்தையராயிருப்போரிற் பலர், தாம் சிறாராயிருந்தபோது விடியற்கருக்கலில் தொழிலக வண்டி ஏறியவர்கள், தீக்குச்சிக் கட்டை அடுக்கியவர்கள், பெட்டி ஒட்டியவர்கள். 1986இல் சிறார் உழைப்புத் தடைச் சட்டம் வந்தது. 1996 திசம்பர் 10ஆம் நாள், சிவகாசிச் சிறாரைப் பற்றிய வழக்கிலேயே, சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு சிறாருக்கும் முதலாளி 20,000 உருபா கட்டவேண்டும் என்று உச்ச நயமன்றம் தீர்ப்பளித்தது. சட்டமும் தீர்ப்பும், அவற்றினும் மேலாகத் தாய்மாரின் உறுதியும் சேர்ந்து பிள்ளைகளைக் கொட்டகையிலிருந்து பள்ளிக்குக் கொண்டுவந்து சேர்த்தன. பெற்றோர் செய்யவேண்டியதை அவர்கள் செய்துவிட்டார்கள். பள்ளிக்குள் வந்த பிள்ளையின் கையில் பள்ளி எதைக் கொடுத்தது என்பதே இன்று கேட்கவேண்டிய கேள்வி.

நம் பள்ளிகள் பலவற்றில், தலைமையாசிரியர் அறையின் மூலையில், ஓர் இரும்பு நிலைப்பேழை நிற்கும். ‘பீரோ’ என்றாலே நம்மவர்க்கு விளங்குகிறது. நிலைப்பேழை என்றால் விழிக்கிறார்கள். அது வேறு துயரம்; இருக்கட்டும். அப்பேழைக்குள் முந்நூறோ நானூறோ நூல்கள் உண்டு. பேழைக்குப் பூட்டு உண்டு. திறவுகோல் எங்கே என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பர். ஆய்வுக்கு அலுவலர் வரும் நாளில் பேழை திறக்கப்பெறும், நூல்கள் மேசைமேல் பரப்பப்பெறும், மாணாக்கர் நால்வர் அவற்றைக் கையிலேந்தி அமர்த்தப்பெறுவர், படம் எடுக்கப்பெறும். அலுவலர் ஊர்தி வாயிலைக் கடந்ததும் நூல்கள் மீண்டும் சிறைபுகும். எல்லாப் பள்ளியும் இத்தகையதன்று; நூலைத் தம் பையிற் சுமந்து வகுப்புதோறும் கொண்டுசெல்லும் ஆசிரியர்களும் உளர். ஆனால் பூட்டிய பேழையைக் காணாத ஆசிரியர் இவ்வவையில் ஒருவரும் இருக்கமாட்டார்.

ஏன் பூட்டுகிறார்கள்? நூலின்மேல் வெறுப்பாலன்று. நூல் தொலைந்தால் ஆசிரியர் கைப்பொருள் போகும் என்னும் அச்சத்தால். இருப்புப் பதிவேட்டில் 412 நூல் என்றிருந்து பேழையில் 405 இருந்தால், பணிமாற்றத்தின்போதும் ஓய்வின்போதும் அந்த ஏழு நூலுக்கு விடைசொல்ல வேண்டும். நாற்பது உருபா நூலுக்காக ஓய்வூதியத் தாள் ஒரு திங்கள் தள்ளிப்போகுமாயின், எவர்தாம் திறவுகோலை வெளியே விடுவர்? பதிவேட்டை வைத்திருப்பவருக்குப் பூட்டே பாதுகாப்பு. ஒரு நூலையும் வழங்காத ஆசிரியருக்கு ஒரு வினாவும் வாராது. நானூற்றையும் வழங்கி நான்கை இழந்தவருக்கோ நான்கு ஓலை வரும். இம்முறை திருந்தாமல், “மாணாக்கரிடம் படிக்கும் வேட்கை இல்லை” என்று மேடைதோறும் வருந்துதல் வெற்றுரையே.

இவ்வச்சம் உலகத்துக்குப் பழையது. ஐரோப்பாவில் இடைக்காலத்து மடங்களில் நூல்களைச் சங்கிலியாற் பிணித்து வைத்திருந்தனர். அச்சங்கிலியை அறுத்த எண்ணத்துக்கு நெறிவகுத்தவர் ஒரு தமிழ்நாட்டார். சீர்காழியில் 1892இல் பிறந்து, கணக்காசிரியராயிருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான சீ. இரா. அரங்கநாதன், 1931இல் நூலகவியலுக்கு ஐந்து நெறிகளை வகுத்து நூல் வெளியிட்டார். நூல் காவலுக்கன்று, பயன்பாட்டுக்கே என்பது அவற்றுள் முதல் நெறியின் சாரம். அதே 1931இல் மன்னார்குடிப் பகுதியில் நூல்களை ஏற்றிய மாட்டுவண்டியொன்று ஊரூராகப் புறப்பட்டது. கனகசபைப் பிள்ளை என்னும் ஓய்வுபெற்ற பொறியாளர் வடிவமைத்த வண்டி அது. தார்ச்சாலை இல்லாத அக்காலத்தில் நூல் ஆளைத் தேடிப் போயிற்று. இன்று ஊர்வாயிலில் பேருந்து நிற்கிறது. நூலோ இரண்டாம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் இடையிலுள்ள அறையைத் தாண்டி வெளிவர மாட்டேன் என்கிறது! விடுதலைக்குப் பின் இந்தியாவிலேயே முதலாவதாக 1948இல் பொதுநூலகச் சட்டம் இயற்றியதும் இந்நாடுதான் என்பதை நினைத்தால் வெட்கம் கூடுகிறது.

தணிக்கைக்கு அஞ்சுவோர்க்கு ஒரு செய்தி. நடுவணரசின் பொதுநிதி நெறிகள் (2017), நூல்களை வழங்கும்போதும் பயன்படுத்தும்போதும் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு ஐந்து நூல் இழப்பு ஏற்படுதல் இயல்பே என்று ஒப்புகின்றன; நேர்மைக்கேடோ புறக்கணிப்போ காரணமாயிருத்தல் கூடாது, அவ்வளவே. அது நடுவணரசு அலுவலகங்களுக்குரிய நெறி என்பது உண்மை. ஆனால் கணக்கெழுதுவோரே ஒப்பிய உண்மையை, கல்வி கற்பிப்போர் எடுத்துப்பேசி, ஊராட்சியிலும் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் தீர்மானமாக்கக் கூடாதா? “தொலையும் நூலுக்கு ஊர் பொறுப்பு” என்று தாயில்பட்டிப் பெற்றோர் நூறு பேர் ஒரு தாளில் கையெழுத்திட்டால், ஆசிரியரின் அச்சம் பாதி போகும். விருதுநகரில் வீட்டுக்கு வீடு பிடியரிசி ஒதுக்கிப் பள்ளி நடத்திய மக்கள் இம்மாவட்டத்து மக்கள். காமராசர் படித்த பள்ளி அவ்வரிசியால் வளர்ந்தது. அரிசி ஒதுக்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு நாலைந்து நூலின் விலை பெருஞ்சுமையாகாது.

இவ்விடத்தில் யாழ்ப்பாணத்தை நினையாதிருத்தல் இயலாது. 1933இல் செல்லப்பா என்பவர் தம் வீட்டில் தொடங்கிய சிறு நூற்கூடம், மக்கள் கொடையால் வளர்ந்து, பெருங்கட்டடமாக எழுந்து நின்றது. 1981 மே இறுதியிலும் சூன் தொடக்கத்திலும் அதைச் சிங்களக் காடையர் எரித்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. அங்கே பகைவன் எரித்தான். இங்கே ஒருவரும் எரிக்கவில்லை, நாமே பூட்டினோம். பூட்டிய பேழைக்குள் கறையானும் வெள்ளிப்பூச்சியும் ஆண்டுக்கணக்கில் செய்துமுடிக்கும் பணிக்கு நெருப்புத் தேவையில்லை.

சரி, பேழை திறந்தாயிற்று என்று கொள்வோம். பிறகு என்ன?

முதலாவது, திறவுகோல் மாணாக்கரிடம் இருக்கவேண்டும். ஏழாம் எட்டாம் வகுப்பிலிருந்து இருவரைத் தெரிந்தெடுத்துப் பதிவேட்டை அவர்கள் கையிற் கொடுங்கள். ஆசிரியர் கேட்டால் கொடாத நூலைத் தோழி கேட்டால் பிள்ளை திருப்பிக் கொடுக்கும். அச்சகங்களில் கழித்த நாட்காட்டித் தாள் இங்கு எளிதிற் கிடைக்கும். அத்தாளால் நூல்களுக்கு அட்டையிடும் பணியைச் சிறுவரிடம் விடுங்கள். தாள் மடிப்பதில் இவ்வூர்ப் பிள்ளைகளுக்கு எவர் கற்பிப்பது! அட்டையிட்ட நூலைப் பிள்ளை திறந்து பார்க்காமலிராது.

இரண்டாவது, நூல் வீட்டுக்குப் போகவேண்டும். கிழமைக்கு ஒரு பாடவேளை நூலகத்துக்கு என்று 2022இல் அரசு வகுத்தது நல்லதே. ஆனால் அந்த ஒரு பாடவேளையும் கணக்குத் தேர்வுக்குக் கடன்போய்விடுவதை ஆசிரியர் அறிவர். வீட்டுக்குப் போன நூலையோ எத்தேர்வும் கடன்வாங்க முடியாது. மருந்துக் கொட்டகையில் பகலெல்லாம் குனிந்திருந்து மாலையில் வரும் தாய் எழுத்தறியாதவராயிருக்கலாம். அவர் அடுப்பருகே இருக்கையில் மகள் உரக்கப் படிக்கட்டும். நூலைக் கேட்டறிந்த மரபு நம்முடையது. கேள்வி என்பதற்குத் திருவள்ளுவர் தனி அதிகாரமே வகுத்தார்.

மூன்றாவதாகச் சொல்வது சிலருக்குக் கசக்கும். படித்த நூலுக்கெல்லாம் சுருக்கம் எழுதிவா என்னாதீர்கள். படிப்பதைத் தண்டனையாக்கும் வழிகளில் அதனினும் விரைவானது வேறில்லை. பத்துப் பக்கம் படித்துப் பிடிக்காமல் திருப்பித் தரும் பிள்ளையிடம் வேறு நூலைக் கொடுங்கள். ஏன் என்று கேளாதீர்கள். 2022இல் போட்டியில் வென்ற மாணாக்கர் சார்சா நூற்கண்காட்சிக்கு அழைத்துச் செல்லப்பெற்றனர். மகிழ்ச்சி. வெல்லாத பிள்ளைக்கும் திங்கட்கிழமை ஒரு நூல் வேண்டும்.

நூல் எம்மொழியில் இருக்கவேண்டும் என்பதை இவ்வவையில் விரிக்க வேண்டா. வெடிப்பெட்டியின் மேலட்டையில் அச்சாகும் ஆங்கிலப் பெயர்களை எழுத்துக்கூட்டப் பழகிய பிள்ளை, தன் தாய் நாள்தோறும் வழங்கும் தமிழ்ச்சொற்கள் எந்நூலிலும் ஏறாமையால் அவற்றைச் சொல்லென்றே மதிப்பதில்லை. மருந்து செலுத்தல், குழல் உருட்டல், சரம் பின்னல், கட்டை அடுக்கல் என்று எத்துணைச் செம்மையான தொழிற்சொற்கள்! கரிசல் மண்ணின் சொற்களைத் திரட்டிக் கி. இராசநாராயணன் 1982இல் அகராதியாக வெளியிட்டார். பள்ளிப்படிப்பை நிறைவுசெய்யாத அவ்வுழவரைப் பின்னாளில் புதுவைப் பல்கலைக்கழகம் பேராசிரியராக அமர்த்தியது. நம் பள்ளி நூலகத்திலும் ஓர் எழுதுசுவடி தொங்கட்டும். வீட்டில் கேட்ட தொழிற்சொல்லை அதில் மாணாக்கர் எழுதட்டும். நூலகத்துக்கு வந்த முதல் தாயில்பட்டி நூல் அதுவாயிருக்கும்.

அரசு 2023இல் தொடங்கிய ‘வாசிப்பு இயக்க’த்தின் சிறுநூல்களுக்கு ‘நுழை, நட, ஓடு, பற’ என நான்கு படிநிலைப் பெயர்கள் இட்டுள்ளனர். இயக்கத்தின் தலையில் வடசொல் அமர்ந்திருப்பினும், படிகளின் பெயர் தீந்தமிழ். எழுத்துக் கூட்டத் தடுமாறும் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும், நாணாமல், ‘நுழை’யிலிருந்தே கொடுங்கள்.

“பாடநூலையே படிக்கக் காணோம், இதில் கதைநூல் வேறா?” என்று பெற்றோர் கேட்பர். கேள்வி ஞாயமானதே. பாடத்தில் எழுத்துக்கூட்டித் தடுமாறுபவன் கணக்கின் வினாவையே அறியான். விடையை எங்ஙனம் காண்பான்? சரளமாய்ப் படிக்கும் பழக்கம் தானே விரும்பி எடுத்த நூலால் வருவது. தேர்வுக்குரிய நூலால் வருவதன்று.

பாடத்தினும் பெரிதொன்று உண்டு. ஒவ்வொரு வெடிக் கொட்டகையின் சுவரிலும், உள்ளே எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து வைக்கலாம் என்று எழுதியிருக்க வேண்டும் என்பது நெறி. 2012 செப்டம்பர் 5ஆம் நாள், ஆசிரியர் நாளன்று, முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிப்பில் ஏறத்தாழ நாற்பது உயிர்கள் போயின. உதவ ஓடிவந்தவர்களும் வேடிக்கை பார்க்க நின்றவர்களும் அவர்களுள் உண்டு. படிப்பறிவு இருந்திருந்தால் அது நடந்திராது என்று சொல்லுதல் பொய்; கொள்ளையாசைக்கு எழுத்தறியாமை காரணமன்று. ஆனால் சுவரிலுள்ள எண்ணைப் படித்து, “இவ்வறையில் இத்தனை பேர்தாமே இருக்கலாம்?” என்று கேட்கும் துணிவு, படித்துப் பழகிய நாவுக்குத்தான் வரும். இப்பிள்ளைகளுட் சிலர் நாளை அக்கொட்டகைக்கே போகக்கூடும். கேட்கத் தெரிந்தவராய்ப் போகட்டும்.

இம்மாவட்டத்திலேயே, இராசபாளையத்தை அடுத்த முறம்பில், 1919இல் ஓர் இளைஞர் பள்ளியாசிரியராய்ப் பணி தொடங்கினார். தமிழ்ச்சொற்களின் வேர்காணப் பிற்காலத்தில் வாழ்வையே ஈந்த தேவநேயப் பாவாணர் அவர். சென்னை அண்ணாசாலையிலுள்ள மாவட்ட மைய நூலகம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தனித்தமிழுக்குத் தந்தையான மறைமலையடிகளும், தாம் அரும்பாடுபட்டுத் தொகுத்த நூல்களைத் தமிழ்மக்களுக்கே விட்டுச்சென்றார். 1958இல் அவை சென்னையில் அவர் பெயரால் பொதுநூலகமாயின. அடிகள் தம் பேழையின் திறவுகோலை மக்களிடம் கொடுத்தார்.

தீவாளி முடிந்தபின் சில கிழமைகள் தொழிலகங்கள் மூடியிருக்கும். ஆண்டில் தாயும் தந்தையும் பகலில் வீட்டிலிருக்கும் நாட்கள் அவையே. அத்திங்களில் ஒரு காரிக்கிழமை மாலை, பள்ளி முற்றத்தில் பாய்விரித்து, பேழையிலுள்ள நூல்களையெல்லாம் வெளியே கொணர்ந்து பரப்புங்கள். ஊரார் வந்து புரட்டட்டும். வேண்டுவதைப் பிள்ளை பெயரில் எழுதி வீட்டுக்கு எடுத்துச் செல்லட்டும். எட்டாம் வகுப்பு மாணாக்கி பதிவேட்டுடன் வாயிலில் அமர்ந்திருப்பாள். தலைமையாசிரியர் அன்றைக்குத் திறவுகோலை அவளிடம் கொடுத்துவிட்டுப் பாயில் அமர்ந்து, தமக்கும் ஒரு நூலை எடுத்துக்கொள்ளலாம்.