நாவின் புண்ணும் குருதியின் குறிப்பும்



சாத்தூர் வட்டாரத்தில் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில் செய்வோர் பலர்க்கு வெற்றிலைச் சுருளே களைப்பாற்றும் மருந்து. நாவின் ஓரத்தில் புண் தோன்றினால், பல் உராய்ந்தது என்றெண்ணித் திங்கள்கணக்கில் வாளா இருந்துவிடுவர். புகையிலையைத் தீண்டாத சமண இல்லங்களிலும் தாம்பூலத் தட்டு உண்டு. பாக்கும் புற்றை விளைவிக்கும் என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004ஆம் ஆண்டு நூலில் வரையறுத்துவிட்டது.

புண் கண்ணுக்குத் தெரிவது. அழற்சி உள்ளே மூள்வது. அழற்சிக்கும் புற்றுக்கும் உள்ள உறவைச் செருமானிய அறிஞர் ருடால்ஃப் ஃபிர்கோ 1863இலேயே சுட்டினார். இன்று அவ்வழற்சியைக் குருதியில் அளக்கின்றனர். அழற்சி மூண்டால் கல்லீரல் சி.ஆர்.பி. என்னும் புரதத்தை மிகுதியாகச் சுரக்கிறது. அல்புமின் என்னும் புரதமோ குறைகிறது. லிட்டருக்குச் சி.ஆர்.பி. 10 மில்லிகிராமுக்கு மேலும், அல்புமின் 35 கிராமுக்குக் கீழும் இருப்பது கவலைக்குரிய நிலை எனக் கிளாஸ்கோ மருத்துவர் வகுத்தனர். நாக்குப் புற்றுநோயாளரிடையே நிகழ்ந்த ஆய்வுகளிலும், சி.ஆர்.பி. மிகுந்தோர்க்கும், வெள்ளணுக்களுள் நியூட்ரோஃபில் பெருகி லிம்போசைட் அருகியோர்க்கும் நோய் மீளும் அச்சம் கூடுதலாகக் காணப்பட்டது.

ஆனால் ஒரு சொத்தைப் பல் போதும், சி.ஆர்.பி. ஏறிவிடும், காசநோயும் ஏற்றும். எனவே அவ்வெண் குறைவென்று புண்ணை மறப்பதும் பிழை, மிகுதியென்று மனந்தளர்வதும் பிழை. உணவு இறங்காமல் மெலிந்தோர்க்கு அல்புமின் குறைதல் உண்டு. அறுவைக்கு முன் பருப்பு நீர், பால், தயிர் முதலியவற்றால் உடலைத் தேற்றல் வேண்டும். இரவுண்ணா நோன்பினர் அதனை மருத்துவரிடம் முன்னரே கூறிவிட்டால், பகற்பொழுதுக்குள் உணவை வகுத்துத் தருவர். கூச்சப்பட்டு மறைப்போரே மிகுதி!

காலத்தே செய்யும் மருத்துவமோ விளைவையே மாற்றவல்லது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் அனில் டிகுரூஸ் குழுவினர் தொடக்கநிலை வாய்ப்புற்றுக்குச் செய்த ஆய்வு 2015இல் வெளியாயிற்று. முதல் அறுவையிலேயே கழுத்து நிணநீர்க் கணுக்களையும் நீக்கியோருள் மூன்றாண்டு கடந்து வாழ்ந்தோர் நூற்றுக்கு 80. கணுவில் நோய் வெளிப்பட்ட பின்னரே நீக்கியோருள் 67.5.

இரு வாரத்தில் ஆறாத நாப்புண்ணைப் பல் மருத்துவரிடமோ, காது மூக்குத் தொண்டை மருத்துவரிடமோ காட்டல் வேண்டும். விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், மதுரை அரசு இராசாசி மருத்துவமனையும் சாத்தூர்க்கு எட்டும் தொலைவில் உள்ளன. புற்றா அன்றா என்பதைப் புண்ணிலிருந்து எடுத்துச் சோதிக்கும் சிறு சதைத்துணுக்கே உறுதிசெய்யும்.