தில்லியை எட்டும் விண்ணப்பம்

(திருப்பூரில் நடைபெற்ற நமது சங்கப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கணம் கற்பிக்கும் எமக்கு வரியையும் நூல்விலையையும் பற்றிப் பேச என்ன உரிமை உண்டு என்று உங்களுட் சிலர் எண்ணுதல் கூடும். உரிமை இவ்வளவே: பனியன் கம்பெனி வைத்திருக்கும் நம்மவர், அரசாங்கத்துக்கு விண்ணப்பம் எழுத வேண்டி வரும்பொழுது எம் வீட்டுத் திண்ணைக்கு வருகின்றனர். 2021-ஆம் ஆண்டில் நூல்விலை ஏறியபொழுது அங்ஙனம் வந்தோர்க்காக யாம் நான்கு பக்கம் எழுதினோம். மூன்று பக்கம் முகமன். ஒரு பக்கம் புலம்பல். ஒரு கிலோ நூலுக்கு எத்தனை ரூபாய் ஏறிற்று என்பதோ, எந்த ஆணையை யார் மாற்றல் வேண்டும் என்பதோ அதில் இல்லை. எழுவாயை அடுக்கிக்கொண்டே போய்ப் பயனிலையை மறந்த வாக்கியம் அது. பெற்றுக்கொண்டோம் என்னும் ஒருவரி விடையோடு முடிந்தது. பிழை எம்முடையதே. அதன் பின்னரே, தில்லியில் ஒரு கொள்கை எங்ஙனம் மாறுகின்றது என்பதை ஆராயத் தலைப்பட்டோம்.

நாம் கண்ணாரக் கண்ட ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1,000 ரூபாய்க்கு உட்பட்ட ஆயத்த ஆடைக்கு இருந்த 5 விழுக்காட்டு வரி, 2022 ஜனவரி 1 முதல் 12 விழுக்காடாகும் என 2021 நவம்பர் 18 அன்று அறிவிக்கை பிறந்தது. அதற்குக் காரணம் இல்லாமலில்லை. செயற்கை இழைக்கு 18, அதன் நூலுக்கு 12, துணிக்கு 5 என வரி தலைகீழாய் நின்றது. அதனைச் சமன்செய்ய விரும்பினர். ஆனால் பெரும்பாலும் பருத்தியாடையே தைக்கும் நம் ஊருக்கு அந்நோய் சிறிது, மருந்தோ பெரிது. நான்கு பவர் டேபிள் போட்டுக் கூலிக்குத் தைப்பவரும் நடுங்கினர்.

இனி, இவ்வரியை விதிப்பவர் யார்? நிதியமைச்சர் ஒருவரே என்று நம்மிற் பலர் எண்ணியிருந்தோம். அஃது அன்று. அரசியலமைப்பின் 279அ உறுப்பின்படி அமைந்த சரக்கு சேவை வரி மன்றத்தில் மத்திய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கும், மாநிலங்கள் அனைத்திற்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கும் மதிப்பு உண்டு. எம்முடிவும் நான்கில் மூன்று பங்கு பெற்றாலன்றி நிறைவேறாது. ஆகவே தில்லியின் வாயில் சென்னையிலும் இருக்கின்றது. காந்திநகரிலும் கொல்கத்தாவிலும் இருக்கின்றது. இதனை அறிந்தோர் அவ்வவ்விடத்து வாயில்களைத் தட்டினர். டிசம்பர் 30-இல், குஜராத்து, மேற்கு வங்காளம், இராஜஸ்தான், தமிழ்நாடு, தில்லி ஆகியவை இவ்வுயர்வு வேண்டாவென்று நின்றன. இவற்றுள் குஜராத்தில் ஆண்டது மத்தியில் ஆண்ட கட்சியே என்பதை ஊன்றி நோக்குக. மறுநாள் கூடிய 46-ஆவது கூட்டத்தில், ஆடை வரியுயர்வு ஒத்திவைக்கப்பட்டது. வரி விகிதங்களை ஆராயும் அமைச்சர் குழுவிடம் அப்பொருள் விடப்பட்டது. அதே கூட்டத்தில் காலணிக்கு ஒத்திவைப்புக் கிட்டவில்லை. அடுத்த நாளே 12 விழுக்காடு நடைமுறைக்கு வந்தது.

ஒத்திவைப்பு வெற்றியன்று என அப்பொழுது சிலர் கூறினர். ஆயினும் அக்கால நீட்சியில்தான் வேறொரு மருந்து தோன்றிற்று. 2025 செப்டம்பர் 3 அன்று கூடிய 56-ஆவது கூட்டம், ஆடையின் வரியை ஏற்றாது, செயற்கை இழையின் 18-ஐயும் நூலின் 12-ஐயும் 5-ஆகக் குறைத்தது. 2,500 ரூபாய் வரையுள்ள ஆடைக்கும் 5 விழுக்காடே என்றது. செப்டம்பர் 22 முதல் அது நடப்புக்கு வந்தது. 2,500-க்கு மேற்பட்ட ஆடைக்கு 12 என்பது 18 ஆனதையும் மறைத்தல் ஆகாது.

இதுகாறும் கூறியது நமக்கு இனிக்கும் பகுதி. இனிக் கசப்பது. 2010-இல் நூல் நமக்குப் போதாதென்று கூக்குரலிட்டோம். அவ்வாண்டு நூல் ஏற்றுமதிக்கு 72 கோடி கிலோ என்று மத்திய அரசு வரம்பு கட்டிற்று. நாம் கேட்டது கிடைத்தது. அடுத்த ஆண்டு நூல் ஆலைகளில் சரக்குத் தேங்கி விலை சரிந்தது. ஆலைக்காரர் கண்ணீர் வடித்தனர். அவர்கள் யாவர்? கோயமுத்தூரிலும் பல்லடத்திலும் உள்ள நம் உறவினரே. ஒரே வீட்டிலிருந்து இரு விண்ணப்பம், ஒன்றையொன்று மறுத்துச் செல்லுமாயின், படிக்கும் அலுவலர் இரண்டையும் ஒதுக்கிவிட்டுத் தமக்குத் தோன்றியதைச் செய்வார். 2022 மே 16, 17 ஆகிய இரு நாளும் நாம் கதவடைத்தபொழுதும், நூல் ஏற்றுமதியைத் தடுக்கவேண்டும் என நாமும், கூடாதென ஆலையாரும் தனித்தனியே பேசினோம். ஆனால் பஞ்சு இறக்குமதிக்கு இருந்த 11 விழுக்காட்டுத் தீர்வையை நீக்குக என்பதில் இருவரும் ஒன்றுபட்டிருந்தோம். அவ்வாண்டு ஏப்ரல் 14 முதல் அது நீங்கியிருந்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 விழுக்காட்டு வரி சுமத்தியபொழுதும் ஆகஸ்ட் 19 முதல் அவ்வாறே நீக்கினர். இரு முறையும் சில மாதங்களுக்கே நீக்கினர். ஏனெனில் தம் பஞ்சின் விலை விழும் என்று முறையிடும் உழவர் குரலும் தில்லியை எட்டுகின்றது. எட்டவேண்டியதும் முறையே.

உழவர் என்றவுடன் நொய்யல் நினைவுக்கு வருகின்றது. ஒரத்துப்பாளையத்து அணைநீர் சாயநீராயினமையால் பயிர் கருகினோர் நம்மைப் போல் அமைச்சரைச் சூழ வல்லவரல்லர். அவர்கள் சென்னை உயர்நீதிமன்றத்தை அடைந்தனர். 2006-இல் கழிவுநீரைத் துளியும் வெளிவிடலாகாது என்றது நீதிமன்றம். அதனை நிறைவேற்றாமையால் 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணை பிறந்தது. அன்று வேலையிழந்தோர் துயரை யாம் அறிவோம். ஆயினும் அவ்வுழவர் நம் ஊர்க்காரரே. அவர் சொல்லை ஐந்தாண்டு முன்னரே கேட்டிருப்போமாயின் அத்துயர் பாதியாவது குறைந்திருக்கும்.

இனி நம் சங்கத்துக்கு ஒரு சொல். நம் குலத்தார் இத்துணைப் பேர் என்னும் கணக்கு தேர்தற் காலத்தில் மதிக்கப்படும். வரி மன்றத்தில் அதற்கு மதிப்பில்லை. அங்கே கேட்பது எத்தனை தறி, எத்தனை பவர் டேபிள், எத்தனை பேருக்குக் கூலி, உள்ளீட்டு வரி எவ்வளவு முடங்கிக் கிடக்கின்றது என்பதே. அக்கணக்கு பிற குலத்துத் தொழிலோரிடமும் தொழிலாளர் சங்கத்தாரிடமும் உள்ளதனோடு சேர்ந்தாலன்றி முழுமையாகாது. கூடிச் செல்லுதல் நம் பெருமைக்குக் குறைவென்று செயற்குழுவில் ஒருவர் கூறினார். யாம் அதனை ஒப்புகிலோம்.

வரவு செலவுத் திட்டம் பிப்ரவரி முதல் நாளில் வருவது. அதற்கு முன்னர்த் தொழிலோரை நிதியமைச்சர் அழைத்துக் கேட்பது வழக்கம். ஆதலின் நம் கணக்கு கார்த்திகைக்குள் அணியமாதல் வேண்டும். எட்டு வினா கொண்ட தாள் ஒன்றை அச்சிட்டு வாயிலில் வைத்திருக்கின்றோம். பெயர் எழுதவேண்டியதில்லை, தொகையை மட்டும் உள்ளவாறு எழுதித் தருக. முகமன் எழுதும் வேலையை இம்முறை எவரும் எமக்குத் தரவேண்டா.